பழைய பிஎம்டபிள்யூவா, புது டிசையரா?

கேள்வி: 10 லட்சம் பட்ஜெட். 2014 மாடல் பிஎம்டபிள்யூ 320டி ஒன்று அந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா, புது டிசையருக்கே போய்விடலாமா? (கோவை)

வீட்டில் இது ஒன்றுதான் கார் என்றால் டிசையர், யோசிக்கவே வேண்டாம். பழைய வண்டியின் விலை இறங்கியிருக்கிறது. அதன் ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்கவில்லை. இன்னொரு கார் இருந்து, ரிப்பேருக்கென்று இரண்டு லட்சமாவது தனியாக எடுத்து வைக்க முடிந்தால் 320டி-யைத் தாராளமாகப் பாருங்கள். அந்த ஸ்டியரிங்கும் பின்சக்கர இழுவையும் தரும் சுகம் டிசையரில் கிடைக்காது.

பார்க்கப் போனால் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். பானெட்டைத் தொட்டால் சூடாக இருக்கிறதா? இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். அந்த டீசல் இன்ஜினில் டைமிங் செயின் (வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் சங்கிலி) பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. தேய்ந்திருந்தால் முதல் ஸ்டார்ட்டில் கரகரவென்று கேட்கும். அதை மாற்ற இன்ஜினையோ கியர்பாக்ஸையோ கீழே இறக்க வேண்டும். கூலியே கணிசமாக வரும். அப்புறம், ரன்-ஃபிளாட் டயர் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) என்பதால் ஸ்டெப்னி இல்லாமலும் இருக்கலாம்.

கேள்வி: பழசானாலும் சொகுசு கார்தானே பாதுகாப்பு? (மதுரை)

ஒரு காலத்தில் அப்படித்தான். 2024 டிசையரில் ஆறு ஏர்பேக், இஎஸ்சி (வண்டி சறுக்காமல் கட்டுப்படுத்தும் வசதி) எல்லாம் அடிப்படை மாடலிலேயே உண்டு. குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரமும் வாங்கியிருக்கிறது. பழைய காரில் சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், கோளாறை மறைக்க யாரோ கை வைத்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். டயர் ஓரத்தில் 2319 என்று இருந்தால் அது 2019-இன் 23-வது வாரத்தில் செய்தது. அவ்வளவு பழைய டயர் என்றால் புது டயர் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும்.

கேள்வி: சென்னை வண்டி ஒன்று ரொம்ப மலிவாக வருகிறது. வெள்ளத்தில் நின்றதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (சேலம்)

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சேற்றுக் கறை அங்கேதான் தங்கும். பூட் தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சொகுசு கார்களில் ஒயரிங்கும் கன்ட்ரோல் யூனிட்டுகளும் சீட்டுக்கும் கார்ப்பெட்டுக்கும் அடியில் ஓடுகின்றன. தண்ணீர் பட்டால் உடனே காட்டாது, மாதக்கணக்கில் துருப்பிடித்து ஒவ்வொன்றாகப் போகும். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களுக்குப் பின் இன்சூரன்ஸ் கிளெய்ம் ஏதும் உண்டா என்று விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கேள்வி: 2014 டீசல் காரை எத்தனை வருடம் ஓட்டலாம்? (திருச்சி)

தமிழ்நாட்டில் ஆர்சி 15 வருடம், அதாவது 2029 வரை. பிறகு எஃப்சி காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம்.