பழைய கொட்டிலில் கோழி வளர்க்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வளவு மூலையில் பத்துக்கு எட்டு அடியில் ஒரு கொட்டில் சும்மா கிடக்கிறது. கல் சுவர், தகரக் கூரை. எத்தனை கோழி விடலாம்? முதலில் என்ன செய்ய வேண்டும்? (செங்கலடி வாசகி)

ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி என்று கணக்குப் போட்டால் 40 வரும் தங்கச்சி. ஆனால் தகரக் கூரைக்குக் கீழே அந்தக் கணக்கு வேண்டாம். இருபதோடு தொடங்குங்கள்.

உங்கள் கொட்டில் சாமான் வைக்கக் கட்டியது. சாமானுக்கு மூச்சு வேண்டாம், கோழிக்கு வேண்டும். கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியே விடும். கச்சான் காற்று (வெக்கையான தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் நான்கு பக்கமும் அடைத்த கொட்டில் அடுப்பு மாதிரி. ஆகவே கையில் இருக்கிற காசை முதலில் காற்றுக்குச் செலவழியுங்கள். கிழக்கு, மேற்குச் சுவர்களை வெயில் மறைப்பாக விடுங்கள். வடக்கிலும் தெற்கிலும் கீழே இரண்டு அடி சுவரை வைத்து, மேலே உடைத்துக் கம்பி வலை அடியுங்கள். கூரை எந்தத் தூணில் நிற்கிறது என்று மேசனிடம் காட்டாமல் ஒரு கல்லையும் கழற்ற வேண்டாம். மாரி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். வடக்குப் பக்கத்துக்கு ஏற்றி இறக்கக் கூடிய கிடுகுத் தட்டி ஒன்று கட்டுங்கள். தகரத்தின் மேலும் கிடுகு பரப்பிக் கயிற்றால் இறுக்கிவிட்டால் உள்ளே சூடு நன்றாகக் குறையும்.

கோழி வலைதான் மலிவு. அது போதாதா? (ஆரையம்பதி வாசகர்)

போதாது தம்பி. அந்த அறுகோண வலை கோழியை உள்ளே வைத்திருக்கும். வெளியே இருந்து வருவதைத் தடுக்காது. நான் இதைப் பட்டுத்தான் அறிந்தேன். முதல் கூட்டில் அந்த வலைதான் அடித்தேன். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளியும் இருந்தது. அது பெரிதாகத் தெரியவில்லை. ஒரு விடியற்காலை போய்ப் பார்த்தால் ஒன்பது பேடுகள் செத்துக் கிடந்தன. தின்றது ஒன்றைத்தான், மற்ற எட்டும் கழுத்துக் கடியோடு அப்படியே கிடந்தன. கூரை வளை மரத்தில் இரண்டு சாம்பல் மயிர் ஒட்டியிருந்தது. மரநாய். அந்த எட்டையும் குழி தோண்டிப் புதைத்த காலை இன்னும் மனதில் நிற்கிறது.

கீரி பகலில் வரும், மரநாய் இரவில் வரும், பாம்பு எப்போதும் வரும். அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் (கம்பிகளை ஒட்டவைத்த சதுரக் கண் வலை) வாங்குங்கள். முழுவதற்கும் காசு கட்டாவிட்டால் கீழ் மூன்று அடிக்காவது அதைப் போட்டு, மேலே முக்கால் அங்குல மெஷ் அடிக்கலாம். சுவர் இல்லாத இடத்தில் வலையை நிலத்தில் நிறுத்திவிடாமல், வெளிப்பக்கமாக ஓர் அடி மடித்து மண் போட்டு மூடுங்கள். தோண்டுகிற மிருகம் சுவர் ஓரத்தில்தான் தோண்டும், வலையில் நகம் பட்டதும் விட்டுவிடும். கூரையோர இடைவெளிகளை விரலால் தடவிப் பாருங்கள். உங்கள் இரண்டு விரல் நுழைந்தால் அடையுங்கள்.

எங்கள் கொட்டிலில் முன்பு பசளையும் வயல் மருந்தும் வைத்திருந்தோம். கழுவிவிட்டால் சரியா? (கொக்கட்டிச்சோலை வாசகர்)

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பல வீடுகளில் இந்த நிலைதான். மண் தரை என்றால் மேல் மண்ணை அரை அடிக்கு வெட்டி எடுத்து, புதுமண் கொட்டி இடியுங்கள். கோழி நாள் முழுக்கக் கிளறிக் கொத்தும், தரையில் இருப்பது அதன் வயிற்றுக்கும் உங்கள் முட்டைக்கும் போகும். மருந்து சிந்திய பலகையைக் கழற்றிவிடுங்கள். அதை விறகாக எரிக்கவும் வேண்டாம். மருந்து வாடை மூக்கில் அடிக்கிற வரைக்கும் கோழி விட வேண்டாம். கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் துளைக்காமலும் அறுக்காமலும் இருக்கிறபடி விடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கூடாது.

மாரியில் கூடு நாறுகிறது. தரையில் போட்ட உமியை மாற்றிக்கொண்டே இருக்க முடியவில்லை. (களுவாஞ்சிகுடி வாசகி)

மாற்றத் தேவையில்லை, ஈரத்தை நிறுத்தினால் போதும். உமி நான்கு அங்குலம் இருக்கட்டும். நெல் ஆலைகள் நிறைந்த நம் பக்கத்தில் இது மலிவாகக் கிடைக்கும். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் கூடிவிட்டது, உதிர்ந்தால் நல்லது. பிறகு கோழியின் உயரத்துக்குக் குந்தி மூச்சை இழுங்கள். கண் எரிந்தால் அவற்றுக்கும் எரிகிறது. தண்ணீர்ப் பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வைத்தாலே பாதி ஈரம் குறையும். இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறி, நனைந்த இடத்தை மட்டும் அள்ளி எறிந்துவிட்டுக் காய்ந்த உமி போடுங்கள்.

முட்டையிட என்ன வைப்பது? (கல்முனை வாசகர்)

கழித்துவிட்ட மீன் பெட்டி நன்றாகக் கழுவிக் காய்ந்தால் போதும். ஐந்து பேட்டுக்கு ஒன்று, இருட்டான மூலையில், உள்ளே வைக்கோல். ஏறிக் குந்தும் கம்பு மட்டும் பெட்டியை விட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டிக்குள்ளே படுத்து எச்சமிடும்.

கூடு தயார். சந்தையில் வாங்கி நேரே விடலாமா? (வாழைச்சேனை வாசகர்)

வேண்டாம். புதிதாக வருபவற்றை இரண்டு மூன்று கிழமை வேறாக வையுங்கள். வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் வந்தால் ஒரு கிழமைக்குள் கூடே காலியாகிவிடும், வந்த பின் மருந்தில்லை, தடுப்பூசிதான் வழி. கோழி வாங்க முன்னரே உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போய்த் தடுப்பூசி நாளைக் கேட்டு வையுங்கள். தடுப்பூசி மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டு வாருங்கள், வெயிலில் வந்த மருந்து வேலை செய்யாது.