அண்ணனுக்கு வேர் கரைந்தது, தங்கைக்கும் கரையுமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. மேல் முன்பற்கள் துருத்திக்கொண்டிருப்பதால் கிளிப் போடச் சொல்கிறார் டாக்டர். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்ததில் முன்பல் ஒன்று சில நாள் ஆடிக்கொண்டிருந்தது. இவளுடைய அண்ணனுக்குக் கிளிப் போட்டபோது முன்பற்களின் வேர் குட்டையாகிவிட்டதாக எக்ஸ்ரேயில் தெரிந்தது. இவளுக்கும் அப்படி ஆகுமா? கால்சியம் மாத்திரை கொடுத்தால் தடுக்கலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: சைக்கிளில் விழுந்ததையும் அண்ணனின் வேர் குறைந்ததையும் அந்த டாக்டரிடம் சொன்னீர்களா அம்மா? இல்லையென்றால் கம்பி கட்டும் முன்பே போய்ச் சொல்லிவிடுங்கள். அண்ணனின் எக்ஸ்ரே பத்திரமாக இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள். வேர் கரையும் இயல்பு உடன்பிறந்தவர்களிடம் ஒத்துப்போவதுண்டு. அதற்காக இவளுக்கும் கரைந்தே தீரும் என்று பயப்பட வேண்டாம்.

பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. கனம் கால் மில்லிமீட்டர்கூட இராது. கம்பி பல்லைத் தள்ளும்போது அழுந்தும் பக்கத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, அந்தச் சவ்வு அங்கங்கே செத்துப்போகிறது. செத்த திசுவை அகற்ற வரும் செல்கள் பக்கத்திலிருக்கும் வேரின் மேல்பூச்சையும் அரித்துவிடுகின்றன. மேலோட்டமான அரிப்பு தானே ஆறிவிடும். நுனி கரைந்துபோனால் அந்த நீளம் திரும்பாது. பெரும்பாலோருக்கு இழப்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போவது நூற்றில் சிலருக்குத்தான்.

விழுந்தது மட்டுமே ஆபத்தாகிவிடாது. அடிபட்ட பல்லின் வேர் அப்போதே கரையத் தொடங்கியிருந்தால்தான் கவலை. ஆகவே அந்தப் பல்லுக்குத் தனியாக ஒரு சிறிய எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அதில் நான் முதலில் பார்ப்பது வேரின் நுனியைத்தான். இங்க் ஃபில்லரின் முனைபோலத் திடீரென ஒடுங்கியிருந்தாலோ, வளைந்திருந்தாலோ, மழுங்கியிருந்தாலோ அந்தப் பல்லை மிக மெதுவாகத்தான் நகர்த்துவேன். மேல்வரிசையின் நான்கு முன்பற்களே அதிகம் பாதிக்கப்படுகின்றன. துருத்திய பற்களை உள்ளே இழுக்கும்போது இவற்றின் வேர்தான் நெடுந்தூரம் நகர வேண்டியிருக்கிறது.

வேர் கரைவது வலிக்காது, பிள்ளைக்கே தெரியாது. அதனால் கம்பி கட்டிய ஆறாம் மாதம் முன்பற்களை மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது மிக முக்கியம். கரைந்திருந்தால் இரண்டு மூன்று மாதம் விசையை நிறுத்தி ஓய்வு கொடுப்போம். விசை நின்றால் கரைவதும் பெரும்பாலும் நின்றுவிடும். அண்ணனைப் பற்றியும் மனம் கலங்காதீர்கள். வேர் நுனி கூம்பிப் போவதால், அங்கே 3 மி.மீ. போவதும் ஈறோரத்து எலும்பில் 1 மி.மீ. போவதும் பல்லின் பிடிமானத்துக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அவன் ஈறுகளைச் சுத்தமாக வைத்திருக்கட்டும்.

மகளுக்கு ஆஸ்துமாவோ தைராய்டு கோளாறோ இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கால்சியம் மாத்திரை வேர் கரைவதைத் தடுக்காது. அந்தப் பணத்தை ஆறாம் மாத எக்ஸ்ரேவுக்கு எடுத்துவையுங்கள்.