பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்: பழம்பதக்கங்கள் பற்றிய வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் மகள் ஜேர்மனியில் ஹம் நகரில் இருக்கிறாள். மருமகன் ஜேர்மன்காரர். அவருடைய பூட்டனார் முதலாம் உலகப்போரில் படையில் இருந்தவராம். பழைய பெட்டியொன்றில் இரண்டு சிலுவைப் பதக்கங்கள் கிடந்தன. ஒன்று இரும்புச் சிலுவை. மற்றதன் பின்புறத்தில் ‘ஃபூர் அவுஸ்ட்சைஷ்னுங் இம் க்ரீகெ 1914’ என்று இருக்கிறது. எந்தப் படைப்பிரிவில் இருந்தார், எதற்காகக் கொடுத்தார்கள் என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். கொழும்பிலிருந்தே தேட வழி உண்டா? — வாசகி, வெள்ளவத்தை

பதில்: உண்டு. உங்களுக்குக் கைகொடுக்கப்போவது இரும்புச் சிலுவை அல்ல, மற்றதுதான். இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை அந்தப் போரில் ஐம்பது இலட்சம் பேரளவுக்குப் போயிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஆளைத் தேடுவது, புறக்கோட்டை நெரிசலில் வெள்ளைச் சட்டைக்காரரைத் தேடுவது போல.

நீங்கள் எழுதியனுப்பிய வாசகத்தின் பொருள் ‘போரில் சிறந்து விளங்கியமைக்காக, 1914’. அன்றைய ஜேர்மன் பேரரசு பல அரசுகள் சேர்ந்தது. அவற்றில் ஒன்றான லிப்ப என்ற சிற்றரசின் போர்ச் சேவைச் சிலுவையில் இருக்கும் வாசகம் இது. அதன் அரசர் நான்காம் லெயோபோல்ட் 1914 டிசம்பர் 8 ஆம் திகதி இதை ஏற்படுத்தினார். லிப்பயின் பரப்பு 1,215 சதுர கிலோமீற்றர், யாழ்ப்பாண மாவட்டத்தை விடச் சற்றுப் பெரிது. 1910 இல் சனத்தொகை ஒன்றரை இலட்சம். இத்தகைய சிற்றரசுகள் பதக்கம் கொடுத்தது பெரும்பாலும் தம் சொந்தக் குடிமக்களுக்கும், தம் ஆட்கள் சேரும் படைப்பிரிவுக்காரருக்கும்தான். ஆகவே தேடவேண்டிய வட்டம் இப்போதே சுருங்கிவிட்டது.

இரண்டு இடங்களில் கால் தடுக்கும். ஹம் நகரம் லிப்ப ஆற்றங்கரையில் இருப்பதால் ‘லிப்ப என்றால் நம்ம ஊர்தானே’ என்று மகள் நினைக்கக்கூடும். ஆனால் ஹம், பேரரசின் மிகப் பெரிய அரசான பிரஷ்யாவுக்கு உரியதாக இருந்தது. லிப்ப சிற்றரசின் தலைநகர் கிழக்கே உள்ள டெட்மோல்ட். அடுத்தது, ஷவும்பூர்க்-லிப்ப என்று இன்னொரு சிற்றரசு பக்கத்திலேயே இருந்தது. கொழும்பு மாவட்டத்தில் பாதியளவான 340 சதுர கிலோமீற்றர், தலைநகர் பூக்கபூர்க், அரசர் இரண்டாம் அடோல்ஃப். அவர்களுடையது ‘விசுவாசமான சேவைக்கான சிலுவை 1914’. சின்னத்தில் முட்செடி இலை போன்ற காஞ்சொறி இலை இருந்தால் ஷவும்பூர்க் பக்கம். ஐந்து இதழ் ரோசாப்பூவை மட்டும் வைத்து முடிவு செய்யவேண்டாம், அது இரு வீட்டாருக்கும் பொது. இரண்டு அரசுகளின் கடதாசிகளும் வெவ்வேறு சுவடிக்கூடங்களில் இருப்பதால், இங்கே பிழைத்தால் கடிதம் பிழையான ஊருக்குப் போய்ச் சேரும்.

லிப்பக்குத் தனிப்படை கிடையாது. உடன்படிக்கைப்படி அதன் ஆட்கள் பிரஷ்யப் படையின் 55 ஆம் இலக்கக் காலாட்படை ரெஜிமெண்டில் சேர்ந்தார்கள், அதன் பாசறை டெட்மோல்டில். ஒரே பெட்டியில் பிரஷ்ய இரும்புச் சிலுவையும் லிப்ப சிலுவையும் கிடப்பது இதனால்தான். ஆனால் எல்லாரும் 55 இல்தான் இருந்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். லிப்ப ஆண்கள் பலர் செங்கல் சூளை வேலைக்குப் பருவத்துக்குப் பருவம் ஜேர்மனி முழுதும் போய்வந்தவர்கள். போன இடத்தில் வேறு படைப்பிரிவில் சேர்ந்தவர்களும் உண்டு.

ஜேர்மன் பதக்கத்தில் வழக்கமாகப் பெயர் பொறிப்பதில்லை. பதக்கம் நாட்டைச் சொல்லும், ஆளைச் சொல்வது கடதாசிதான். எனவே முதலில் அதே பெட்டியை மீண்டும் கிளறச் சொல்லுங்கள். ‘மிலிடேர்பாஸ்’ என்ற சிறு கொப்பி இருந்தால் பாதி வேலை முடிந்தது: சேர்ந்த திகதி, கொம்பனி, சண்டைகள், காயங்கள், பதக்கங்கள் எல்லாம் அதில் பதிந்திருக்கும். பதக்கச் சான்றிதழ் அடுத்தது. போர்க்களத் தபாலட்டைகளில் முத்திரைக்குப் பதிலாகப் படைப்பிரிவின் சீல் குத்தியிருப்பார்கள், அதைப் பெரிதாக்கிப் படம் எடுங்கள். சீருடைப் படம் இருந்தால் தோள்பட்டை இலக்கத்தைப் பாருங்கள். கொம்பனி இலக்கம் தெரிந்தால் பட்டாலியன் தானே தெரியும்: 1–4 முதலாவது, 5–8 இரண்டாவது, 9–12 மூன்றாவது.

அதன்பிறகு டெட்மோல்டில் உள்ள நோர்த்ரைன்-வெஸ்ட்ஃபாலிய மாநிலச் சுவடிக்கூடத்தின் ஒஸ்ட்வெஸ்ட்ஃபாலன்-லிப்ப பிரிவுக்கு மின்னஞ்சல். பிரஷ்யப் படையினரின் ஆளணிக் கோப்புகள் பொட்ஸ்டாமில் இருந்தன. 1945 ஏப்ரல் 14 இரவு பிரித்தானிய விமானக் குண்டுவீச்சில் அவை எரிந்தன. லிப்ப அரசு தன் சொந்தக் கந்தோர்களில் வைத்திருந்த கடதாசிகளோ டெட்மோல்டிலேயே தங்கின. பெரிய நாட்டுக் குடிமகனை விடச் சின்ன நாட்டுக்காரரைத் தேடுவது சுலபம் என்று நாம் அடிக்கடி சொல்வது இதனால்தான்.

மின்னஞ்சல் பத்து வரிக்கு மேல் போகவேண்டாம். முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த கிராமம், சமயம், தொழில், தெரிந்தால் ரெஜிமெண்டும் கொம்பனியும். பதக்கத்தின் இருபுறப் படங்களை இணையுங்கள். கேள்வி இரண்டே: இந்தச் சிலுவையின் வழங்கல் கோப்புகளில் இவர் பெயர் இருக்கிறதா, அந்தக் கோப்பின் இலக்கம் என்ன? ‘குடும்ப வரலாறு முழுதும் அனுப்புங்கள்’ என்று கேட்டால், ‘நேரில் வந்து பாருங்கள்’ என்றுதான் பதில் வரும். கோப்பு இலக்கம் கையில் கிடைத்தால் மகள் ரயிலேறிப் போய்வரலாம். பார்க்கவேண்டிய கோப்புகளை முன்கூட்டியே கேட்டு வைக்கவேண்டும்.

பிறந்த திகதி தெரியாதா? ஜேர்மனி முழுதும் அரச பிறப்பு, இறப்புப் பதிவு 1876 ஜனவரி 1 இல் தொடங்கியது. போரில் இறந்தவரென்றால் சொந்த ஊர்ப் பதிவில் ரெஜிமெண்ட், கொம்பனி, இறந்த இடம் மூன்றும் பெரும்பாலும் இருக்கும்.

கேள்வி: முதலாம் உலகப்போரின் ஜேர்மன் இழப்புப் பட்டியலில் ஒரு பெயரைத் தேடினேன். ஒருமுறை ஒன்றுமே வரவில்லை, மறுமுறை பதினொரு பேர் வருகிறார்கள். எங்கே பிழை? — வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பிழை உங்களுடையதல்ல, எழுத்துருவினுடையது. ‘ஃபெர்லுஸ்ட்லிஸ்டன்’ என்ற அந்தப் பட்டியல்கள் பழைய ஃபிராக்டூர் எழுத்தில் அச்சானவை. ஜேர்மன் கணினிவழி வம்சாவளிச் சங்கத்தின் தொண்டர்கள் அவற்றைப் பார்த்துத் தட்டச்சு செய்து இலவசமாகத் தேடும்படி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்தில் ‘பி’யும் ‘வி’யும் (B, V), ‘கே’யும் ‘டி’யும் (k, t), நீண்ட ‘எஸ்’ஸும் ‘எஃப்’பும் (ſ, f) ஒன்றுபோலத் தெரியும். ஒவ்வொன்றையும் மாற்றிப் போட்டுத் தேடுங்கள். மையர் என்ற பெயரை மட்டும் நான்கு விதமாக எழுதுவார்கள். லிப்ப பக்கத்தில் இன்னொரு வம்பு: பண்ணை வீட்டில் பெண் எடுத்து அங்கேயே குடியேறும் மாப்பிள்ளை அந்தப் பண்ணையின் பெயரை ஏற்பார். பதிவுகளில் இரு பெயர்களுக்கும் நடுவே ‘கெனான்ட்’ என்ற சொல் வரும், ‘என அழைக்கப்படும்’ என்று பொருள். இரண்டு பெயரிலும் தேடவேண்டும்.

பதினொரு பேரைப் பிரிப்பது ஊர்ப்பெயரால். 1916 முடிவுவரை பட்டியல்கள் படைப்பிரிவு வாரியாக இருந்தன. அதன்பின் எதிரிக்குத் தகவல் போகாதிருக்க, பிரிவை நீக்கி அகரவரிசையில் அச்சிட்டார்கள். 1917 இல் காயப்பட்டவரின் ரெஜிமெண்டைப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. காயப்பட்டவர், காணாமற்போனவர், சிறைப்பட்டவர் எல்லாரும் இதில் வருவதால் ‘எங்கள் ஆள் சாகவில்லையே’ என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: சான்றிதழில் ‘ஹைன்ரிஷ் 27’ என்று உரோம இலக்கத்தில் இருக்கிறது. இருபத்தேழு அரசர்கள் இருந்தார்களா? — வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: இல்லை. அது ரொய்ஸ் என்ற இரண்டு ஜேர்மன் சிற்றரசுகளை ஆண்ட வம்சம். அந்த வீட்டில் பிறக்கும் ஆண்பிள்ளை எல்லாருக்கும் ஹைன்ரிஷ் என்றே பெயர், ஆட்சிக்கு வராதவருக்கும் இலக்கம் உண்டு. கேரா நகரத்து இளைய கிளை ஒவ்வொரு நூற்றாண்டிலும் ஒன்றிலிருந்து தொடங்கும். கிரைட்ஸ் நகரத்து மூத்த கிளை நூறுவரை எண்ணிவிட்டுத் திரும்பத் தொடங்கும். சாப்பாட்டுக்கு எப்படிக் கூப்பிட்டார்களோ! இருபத்தேழாம் ஹைன்ரிஷ் இளைய கிளையில் 1913 இல் பட்டமேறி 1918 நவம்பரில் இறங்கியவர். கடிதம் துரிங்கிய மாநிலத்தின் கிரைட்ஸ் சுவடிக்கூடத்துக்குப் போகவேண்டும்.

கேள்வி: எம்டன் கப்பல் மாலுமிகளைக் கொழும்புக்குக் கொண்டுவந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறோம். அவர்களில் இப்படியான சிற்றரசுக்காரர் இருந்தால் கண்டுபிடிக்கலாமா? — வாசகர், மட்டக்குளி

பதில்: ‘ஆள் எம்டன்தான்’ என்று நாம் இன்னும் சொல்கிறோமே, அதே ஜேர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 சென்னையைத் தாக்கி, நவம்பர் 9 கொக்கோஸ் தீவுகளில் அவுஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் தோற்றது. உயிர்தப்பியவர்களை நவம்பர் 15 கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் அவர்களிற் பலர் மோல்ட்டாத் தீவுச் சிறைமுகாமுக்குப் போனார்கள்.

தரைப்படை மாதிரி அல்லாமல், கடற்படை முழு ஜேர்மன் பேரரசுக்கும் ஒன்று. ஆகவே எந்தச் சிற்றரசுக்காரரும் அதில் இருக்கலாம். கடற்படைக் கோப்புகளுக்கு பொட்ஸ்டாமின் கதி நேரவில்லை. பவேரியாவின் டாம்பாக் மாளிகையில் இருந்தவற்றைப் பிரித்தானியர் கைப்பற்றிப் பின்னர் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போது ஃப்ரைபூர்க் இராணுவச் சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. சிறைப்பட்டவர்களுக்குச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் 1914–1918 கைதி அட்டைகள் இணையத்தில் இலவசம். ஒரு நுணுக்கம்: போருக்குப் பிறகு எம்டன் மாலுமிகள் தம் குடும்பப் பெயரோடு ‘எம்டன்’ என்பதையும் சேர்த்துக்கொள்ள அனுமதி பெற்றார்கள், அது பிள்ளைகளுக்கும் தொடர்ந்தது. பழைய பதிவில் தனிப்பெயர், பிந்திய பதிவில் இணைப்புப் பெயர். அன்றைய கொழும்புப் பத்திரிகைகளைப் பார்க்க கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போங்கள்.

கேள்வி: எங்கள் பாட்டனாரின் 1914–18 பிரித்தானிய வெள்ளிப் பதக்கத்திலும் பெயர் இல்லை. — வாசகி, தெஹிவளை

பதில்: முகத்தில் இராது, விளிம்பில் இருக்கும். பூதக்கண்ணாடியும் பக்கவாட்டு வெளிச்சமும் வைத்துச் சுற்றிப் படியுங்கள்: இலக்கம், தரம், பெயர், படைப்பிரிவு என்ற வரிசை. விளிம்பு அரத்தால் தேய்த்த மாதிரி மழுங்கியிருந்தால், யாரோ பெயரை அழித்துவிட்டார்கள்.

கேள்வி: இரும்புச் சிலுவை கறுத்துத் துருப்பிடிக்கிறது. பித்தளைப் பொலிஷ் போடலாமா? அசலா என்று எப்படிப் பார்ப்பது? — வாசகர், கல்கிசை

பதில்: போடவே கூடாது. கறுப்பு என்பது அழுக்கல்ல, நடுவிலுள்ள இரும்புத் தட்டுக்குப் பூசிய வர்ணம். அதைச் சுற்றி வெள்ளிச் சட்டம் ஒட்டப்பட்டிருக்கிறது. பொலிஷ் திரவம் சட்டத்துக்கும் இரும்புக்கும் இடையில் இறங்கினால் உள்ளிருந்து துரு பெருகிச் சட்டத்தையே தள்ளிவிடும். கடற்கரைக் காற்றில் இது சில மாதங்களில் நடக்கும். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசு தட்டுங்கள், அவ்வளவே. நாடாவைக் கழுவினால் சாயம் ஓடும். போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டில் துத்தநாகத்தில் அடித்த பதக்கங்களில் வெள்ளைப் பொடி பூக்கும், அவற்றுக்கு ஈரமும் புதுப் பலகைப் பெட்டியின் ஆவியும் ஆகாது. நெகிழும் பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். காற்றுப்புகாத ஒரு லீற்றர் உணவுப் பெட்டியில் 20 கிராம் நிறம்மாறும் சிலிக்கா ஜெல் போடுங்கள். நிறம் மாறியதும் ஜெல்லை மட்டும் வெளியே எடுத்து, 120 பாகை அடுப்பில் இரண்டு மணித்தியாலம் உலர்த்தினால் மீண்டும் பாவிக்கலாம்.

அசல் பார்க்க, முதலில் காந்தம். நடுத்தட்டு இழுபடவேண்டும். இழுபடாவிட்டாலும் உடனே போலி என்று தீர்க்கவேண்டாம், வேறு உலோகத் தட்டுள்ள அசல்களும் இருக்கின்றன. அகலம் ஏறத்தாழ 42 மில்லிமீற்றர். சட்டத்தின் மூலைகளில் ஒட்டுக்கோடு தெரியவேண்டும். ஒரே அச்சில் வார்த்த போலியில் கோடு இராது. நாடாவுக்கு, கடைகளில் காசுத்தாள் பார்க்கும் ஊதா விளக்கு போதும். இருட்டில் வெள்ளை நூல் நீலமாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் நாடா பிற்காலத்தது. பதக்கம் பழையதாக இருந்தும் நாடாவை மட்டும் மாற்றியிருக்கலாம் என்பதால், விளக்கை வைத்து நாடாவுக்கு மட்டும் தீர்ப்புச் சொல்லுங்கள்.