கொரோனா நிவாரணப் பணம் அமெரிக்காவில் சிறு விவசாயிகளுக்கு உண்மையிலேயே கிடைத்ததா?

கிடைத்தது. எனக்கு 869 டாலர். சிரிக்காதீர்கள், கதையைச் சொல்கிறேன்.

கேட்டவர் இங்கே நிலம் வாங்கும் யோசனையில் இருப்பவர் போலத் தெரிகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே. நான் கிழக்கு டெக்சாஸில் ஒரு சின்ன கவுன்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வெள்ளாடு வளர்க்கிறேன். பகலில் கம்ப்யூட்டர், காலையும் மாலையும் ஆடு. (சம்பளக்காரனுக்கு எதற்கு நிவாரணம் என்று யாராவது கமெண்ட்டில் வருவீர்கள். சம்பளம் வாங்கக்கூடாது என்று அந்த நிவாரண விதியில் இருக்கவில்லை. சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தால்தான் பிரச்சினை, அதை நான் கனவிலும் கண்டதில்லை.)

2020 ஏப்ரலில் அமெரிக்க விவசாயத் துறை சிஎஃப்ஏபி (கொரோனா உணவு உதவித் திட்டம்) என்ற திட்டத்தை அறிவித்தது. விவசாயிகள் கைக்கு நேராக 1,600 கோடி டாலர். மே 26 முதல் விண்ணப்பம். அந்தத் துறையின் கவுன்டி அலுவலகத்துக்குள் யாரையும் விடவில்லை, எல்லாம் போன்தான். போனை எடுத்த அலுவலக அம்மா பொறுமையாகப் பட்டியலைப் பார்த்துவிட்டு, மாடு உண்டு, பன்றி உண்டு, செம்மறி உண்டு, வெள்ளாடு மட்டும் இல்லை என்றார். நான் இரண்டு தடவை கேட்டேன். அந்த வசந்தத்தில் செம்மறிக் குட்டி விற்றவருக்குத் தலைக்கு 33 டாலர், எனக்கு ஒன்றும் கிடையாது. ஊருக்கு போன் போட்டு அம்மாவிடம் புலம்பினால், "ஆடுன்னா ஆடுதானேடா, அதுலயும் சாதி பார்க்குறானுங்களா?" என்றாள்.

செப்டம்பரில் இரண்டாம் சுற்றில் வெள்ளாட்டையும் சேர்த்தார்கள். ஆனால் அதில் தலைக்கணக்கு இல்லை, 2019இல் விற்ற தொகையில் ஒரு பங்கு. 50,000 டாலருக்குள் விற்றவர்களுக்கு 10.6 சதவீதம். என்னிடம் ஆடு வாங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து ரொக்கம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள், ரசீதுக்கு எங்கே போவது? நல்லவேளையாக என் மனைவி சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு ஆட்டையும் விலையோடு எழுதி வைத்திருந்தாள். வரிக் கணக்குக்கும் அதுதான், இதற்கும் அதுதான். கூட்டினால் 8,200 டாலர். மிச்சத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த வருஷம் எனக்குப் பெரிய நஷ்டமில்லை. ஏப்ரலில் ஒருவரும் வரவில்லை, பக்ரீத்துக்கு எல்லாக் கிடாயும் போய்விட்டது. நஷ்டம் எவ்வளவு என்று அந்தச் சுற்றில் என்னை யாரும் கேட்கவில்லை, முந்தைய வருஷம் எவ்வளவு விற்றாய் என்றுதான் கேட்டார்கள். அப்படியென்றால் அதிகம் விற்றவனுக்கு அதிகம் போகும், ஒரு ஆளுக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். பெரிய பண்ணைக்காரர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

அதைவிட என் வயிற்றெரிச்சல் நம்ம ஆட்கள் மேல்தான். ஹூஸ்டனிலிருந்து இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, "எங்க ஊர்ல இந்த விலைக்கு ரெண்டு ஆடு வாங்கலாம் அண்ணே" என்பார்கள். வாங்குங்கள் ராசா, யார் தடுத்தது? வால்மார்ட்டில் பேரம் பேசுவீர்களா? தலையையும் குடலையும் சும்மா கேட்பது வேறு.

அந்த 869 டாலரில் கிழக்குப் பக்க வேலியைப் பாதி மாற்றினேன். மீதிப் பாதி இன்னும் கயிறு கட்டித்தான் நிற்கிறது.