மூடாத முக்கோணம்

கேள்வி: மகள் ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கணக்கு சொல்லித் தருகிறார்களாம். இது படிப்பா, பொழுதுபோக்கா? (ஒரு வாசகி, ஏற்காடு)

பதில்: படத்தைப் போடுவது யார் என்று மகளிடம் கேளுங்கள். மாம்பழத்தை நாலாக வெட்டி ‘கால், அரை’ என்று பாட்டோடு ஓடும் வீடியோ என்றால் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. சேலத்துப் பிள்ளைக்கு மாம்பழத்தைத் திரையிலா காட்டுவது? வீட்டில் கத்தி இருக்கிறதே! பிள்ளையே கட்டளை கொடுத்துப் போடுகிறது என்றால் சங்கதி வேறு.

1967-இல் அமெரிக்காவில் சீமோர் பாப்பர்ட், சிந்தியா சாலமன் முதலானோர் குழந்தைகளுக்காக ‘லோகோ’ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். பின்னால் அதில் ஓர் ஆமை வந்து சேர்ந்தது. முதலில் தரையில் ஊர்ந்து கோடு போடும் இயந்திரம், அப்புறம் திரைக்கு ஏறிவிட்டது. ‘50 அடி முன்னே போ, வலப்பக்கம் 90 பாகை திரும்பு’ என்று நான்கு முறை சொன்னால் சதுரம்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் ஐந்தாம் வகுப்பில் இப்படிக் கட்டளை கொடுத்துச் சமபக்க முக்கோணம் போடச் சொன்னேன். ஒரு பையன் அட்டை முக்கோணத்தின் மூலையைப் பாகைமானியால் அளந்து ‘60 பாகை திரும்பு’ என்று கொடுத்தான். மூன்று கோடு போட்டும் படம் மூடவில்லை. சாய்த்து வைத்த வாணலி மாதிரி நின்றது. நான் வாயே திறக்கவில்லை. அவனாக இன்னும் மூன்று முறை அழுத்தினான். “டீச்சர், தேனடை!” அறுகோணம் வந்திருந்தது.

சரி என்று வராந்தாவில் சாக்பீஸால் பெரிய முக்கோணம் போட்டு, அதன்மேல் அவனை நடக்கவிட்டேன். மூலைக்கு வந்ததும், “நேரே போயிருந்தால் எங்கே போவாய்? அங்கிருந்து எவ்வளவு திரும்பினாய்?” என்று கேட்டேன். 120! ஏற்காட்டு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவையும் விரல்விட்டு எண்ணும் பிள்ளைகளுக்குத் திரும்புவது புதிதா என்ன? ஒவ்வொரு வளைவிலும் பஸ் கிட்டத்தட்ட 180 பாகை திரும்புகிறதே. அப்புறம் 3×120, 4×90, 6×60 மூன்றையும் கரும்பலகையில் எழுதினோம். எல்லாம் 360 என்று கண்டுபிடித்துக் கத்தியது அவர்கள்தான்.

வீட்டிலும் செய்யலாம். இதேபோல் குழந்தைகளுக்கான ‘ஸ்கிராட்ச்’ என்ற கணினி மொழி இலவசம். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். மலையில் சிக்னல் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அதில் ஆமைக்குப் பதில் பூனை, அவ்வளவுதான். பூனை போகும் வழியில் கோடு விழ, அதிலேயே உள்ள ‘பேனா’ (Pen) என்ற கூடுதல் வசதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தம் உண்டாமே? (ஒரு வாசகர், அம்மாப்பேட்டை)

பதில்: உண்டு. தாம்பரம் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோரும் கணினி மொழிக்கு எழுதுவதுபோல் கோலத்துக்கும் இலக்கண விதி எழுதி 1974-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சின்னப் பிள்ளைக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு சதுரம், அதே மூலையில் நின்று 10 பாகை திரும்பி இன்னொரு சதுரம், மறுபடி 10 பாகை. பூ முழுசாக விரியும்வரை போடட்டும். எத்தனை சதுரம் ஆயிற்று என்று பிள்ளையே எண்ணிச் சொல்லட்டும். 36 என்று நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.