விரல் மடங்காத நாளில் சமையல்

முடக்குவாதம் வந்தபிறகு மாலையில் அடுப்படியில் நிற்கவே முடியவில்லை, பல நாள் ரொட்டியும் பிஸ்கட்டுமாகவே போகிறது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது. எனக்கும் அதே மூட்டு நோய்தான், 11 வருடமாக.

முதலில் நேரத்தை மாற்றுங்கள். காலையில் வரும் விறைப்பு விட்டதும், முற்பகலில் உடம்பு கொஞ்சம் இலகுவாக இருக்குமே, அப்போது சமைத்துவிடுங்கள். நறுக்குவதை உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தே செய்யலாம். அதுவும் முடியாத நாளுக்கு உறையவைத்த காய்கறி இருக்கட்டும். சத்தில் பெரிய குறைவு இல்லை, மனசைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம்.

எனக்குப் பெரிய தொல்லை பாத்திரம் தூக்குவதுதான். தண்ணீரோடு தூக்கினால் மணிக்கட்டில் சுரீரென்று இழுக்கும். இப்போது வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்து, குவளையால் தண்ணீர் ஊற்றுகிறேன். காயைக் கம்பிக்கூடையில் போட்டு அதற்குள் இறக்கிவிடுவேன். வெந்ததும் கூடையை மட்டும் தூக்கினால் போதும், கொதிநீரைச் சாய்த்து வடிக்கிற வேலையே இல்லை.

அப்புறம், நல்ல நாளில் இரண்டு மடங்கு சமையுங்கள். ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தால் 3 நாள் தாங்கும். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றால் இதில் அசட்டை கூடவே கூடாது. ஆவி பறக்கச் சூடாக்கித்தான் சாப்பிட வேண்டும். டப்பா வாங்கும்போது மூடியை நீங்களே திறந்து பாருங்கள். கட்டைவிரல் வலித்தால் அது வேண்டாம்.