மகளுக்கு மருத்துவமனைப் பயிற்சி: லாக் புக் எழுதித் தருபவரை நம்பலாமா?

கேள்வி: என் மகள் சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்த மாதம் முதல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பயிற்சி. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று அவளே கேட்டு வாங்கிய இடம். இப்போது என்னவென்றால், "நான் தொட்டு நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடக்கிறாள். இதற்கிடையில் தெரிந்தவர் மூலமாக ஒருவர் வந்து, ஆறாயிரம் ரூபாய் கொடுத்தால் லாக் புக்கை எழுதிக் கையெழுத்தும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்களாம். நான் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுபவன். இந்தத் துறை ஒன்றும் புரியாது. என்ன செய்யட்டும்? (ஒரு தந்தை, பாலக்கோடு)

பதில்: முதலில் அந்த ஆறாயிரத்தைப் பேசி முடித்துவிடலாம். கொடுக்காதீர்கள். குறைத்துக் கேட்கவும் வேண்டாம்.

உங்கள் மகள் என்றைக்கு, எந்த வார்டில், என்ன நோயாளியைப் பார்த்தாள், யார் மேற்பார்வையில் என்ன செய்தாள் என்று எழுதி, அன்றன்றைக்குக் கையெழுத்து வாங்குகிற புத்தகம்தான் லாக் புக். வெளியாள் எழுதிக் கொண்டுவருகிற புத்தகத்தில் இருக்கும் கையெழுத்து ஒன்று போலியாக இருக்கும், இல்லையென்றால் படித்துப் பார்க்காமல் போட்டதாக இருக்கும். எதுவானாலும் விசாரணை வந்தால் அந்த ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது. புத்தகத்தில் இருப்பது உங்கள் மகளின் பெயர்.

வெளித்தேர்வாளராகப் போகும்போது இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஒரு கல்லூரியில் ஐந்து பிள்ளைகளின் ரெக்கார்டில் ஒரே நோயாளி இருந்தார். ஐம்பத்திரண்டு வயதுப் பெண், வலது முழங்கால், மடக்கும் அளவு 95 டிகிரி. தொடைச் சுற்றளவுகூட ஐந்திலும் ஒன்று. "இந்த 95-ஐ எப்படி எடுத்தாய்? கோனியாமீட்டரின் நடுப்புள்ளியை எங்கே வைத்தாய்?" என்று, மூட்டின் கோணம் அளக்கிற அந்தக் கருவியைப் பற்றிக் கேட்டால் பிள்ளை மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. முழங்காலின் வெளிப்பக்கத்தில் கைக்குத் தட்டுப்படுகிற எலும்பு முண்டின் மேல் நடுப்புள்ளி. ஒரு கரம் இடுப்பின் வெளிமுண்டை நோக்கி, இன்னொன்று கணுக்காலின் வெளிமுண்டை நோக்கி. அவ்வளவுதான். ஒரு முழங்காலில் ஒரே ஒருமுறை வைத்துப் பார்த்தவருக்கு மறக்காது. காசு கொடுத்து எழுதி வாங்கியவருக்குக் கடைசி வரை தெரியாது.

சரி, பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயம் கொஞ்சம் இருக்கட்டும். முதல் நாளே நோயாளியை எழுப்பி நடக்கவைக்கக் கிளம்புகிற பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்குக் கவலை. மகளிடம் இரண்டே பழக்கத்தைச் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டை, அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்புத் தாளை, படிக்காமல் நோயாளியின் கட்டிலுக்குப் போகக் கூடாது. மேற்பார்வையாளர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இல்லாதபோது நோயாளியைத் தொடக் கூடாது.

எலும்பு முறிவு வார்டில் கேஸ் ஷீட்டில் தேடவேண்டியது: எந்தப் பக்கம், அறுவைச் சிகிச்சை எப்போது நடந்தது, காலை ஊன்றலாமா, ஊன்றலாம் என்றால் எவ்வளவு. ஊன்றுவதைப் பற்றி எழுதியிருக்கவில்லை என்றால் டியூட்டி டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கவேண்டும். "பெரிய டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரு" என்று உறவினரோ அட்டெண்டரோ சொல்வது கணக்கில் சேராது. பிளேட் வைத்து நான்கு நாள் ஆன காலை யாரோ சொன்னார்கள் என்று ஊன்றவைத்தால், மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகப்போவது நோயாளி.

இன்னொன்று சூட்டு ஒத்தடம். மாணவர்கள் கையால் நடக்கிற விபத்துகளில் எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான். பல வருடம் சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். சுடுகிறதா என்று கேட்டால் இல்லை என்பார், தோல் வெந்துகொண்டிருக்கும். ஒரு சோதனைக் குழாயில் வெந்நீர், இன்னொன்றில் குளிர்ந்த நீர் எடுத்து, கண்ணை மூடச் சொல்லி, எது எது என்று தோலில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் ஒத்தடம் தரவேண்டும். கூட்ட நேரத்தில் முதலில் விட்டுப்போவது இந்தச் சோதனைதான். உங்கள் மகள் விடக் கூடாது.

மேற்பார்வையாளர் இல்லாமல் தொடாதே என்றேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு. இதை மட்டும் விளக்கமாகச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் நல்ல பிள்ளைகள்கூட இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். நோயாளி கண்ணெதிரில் விழப்போகிறார் என்றால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், பிடித்தாகவேண்டும். எப்படிப் பிடிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. பக்கவாதம் வந்தவரின் செயலிழந்த பக்கத் தோளில் தசைகள் தளர்ந்து, மூட்டு ஏற்கெனவே கீழிறங்கி நிற்கும். அந்தக் கையைப் பற்றி இழுத்தால் விழாமல் தப்பிப்பார், தோள் கெட்டுவிடும். அப்புறம் மாதக்கணக்கில் வலி. இடுப்பைத்தான் பிடிக்கவேண்டும். லுங்கி முடிச்சையோ சேலைக் கொசுவத்தையோ பிடித்தால் கையோடு வந்துவிடும். நடக்கவைப்பதற்கு முன்பே ஒரு நீளத் துண்டை இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு, பலவீனமான பக்கத்தில், அரை அடி பின்தள்ளி நிற்கவேண்டும். தாங்க முடியாது என்று தெரிந்த நொடியிலேயே நிமிர்த்தும் முயற்சியை விட்டுவிட வேண்டும். ஒரு காலை முன்வைத்து, அவர் உடம்பைத் தன் தொடை மேல் சாய்த்து, மெல்லச் சரியவிட்டுத் தரையில் உட்காரவைக்கலாம். தலை மட்டும் எதிலும் மோதக் கூடாது. குரல் கொடுத்து ஆளைக் கூப்பிடவேண்டும். உடனே தூக்கி நிறுத்தக் கூடாது. சிஸ்டர் வந்து நாடி, ரத்த அழுத்தம் பார்த்து, எங்கே வலிக்கிறது என்று விசாரித்த பிறகு நான்கு பேராகத் தூக்கவேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கவேண்டும். திட்டு விழுமே என்று மறைத்தால்தான் பிரச்சினை. விழாமல் இருக்கிற எந்த நோயாளிக்கும் இந்த விலக்கைக் காரணம் காட்டக் கூடாது.

தருமபுரியில் பயிற்சி கிடைத்ததற்குச் சந்தோஷப்படுங்கள். தொப்பூர் கணவாயிலும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையிலும் அடிபடுகிறவர்கள், புளி உலுக்க ஏறி மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் என்று, பாடத்தில் வரிவரியாகப் படித்ததெல்லாம் வார்டில் ஆளாகப் படுத்திருக்கும். முக்கியமாக ஃபுளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் அது அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே குடித்து வளர்ந்த பெரியவர்களில் சிலருக்கு முதுகுத்தண்டு மூங்கிலாக விறைத்து, கழுத்தைத் திருப்ப உடம்பையே திருப்புவார்கள். பல்லில் பழுப்புக் கறை இருக்கும். இவர்களை வெறும் முதுகுவலி என்று எண்ணி அழுத்தித் திருப்பினால் ஆபத்து. எலும்பு தடித்துத் தண்டுவடத்துக்கு இடமே குறைந்திருக்கலாம். விறைத்த முதுகைக் கண்டால் எந்த ஊர், எந்தத் தண்ணீர் என்று கேட்டுவிட்டு, எக்ஸ்ரேயோடு மேற்பார்வையாளரிடம் போகச் சொல்லுங்கள்.

ஆற்றாமையோடு ஒன்று சொல்கிறேன். பல பயிற்சி மருத்துவமனைகளில் நிரந்தரப் பிசியோதெரபிஸ்ட் ஒருவரோ இருவரோதான். கல்லூரிகளோ முப்பது நாற்பது பிள்ளைகளை ஒரே மாதத்தில் கொண்டுவந்து இறக்குகின்றன. அந்த ஒருவர் ஓ.பி. பார்ப்பாரா, வார்டுக்குப் போவாரா, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாரா? கல்லூரிக்கு அனுமதி தரும்போது படுக்கை எத்தனை என்று கேட்கிறவர்கள், சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறாரா என்பதை அதே கண்டிப்போடு பார்ப்பதாகத் தெரியவில்லை. பணியிடம் கூட்டுங்கள் என்று கேட்டுக் கேட்டு எங்களுக்கு வாய் வலிக்கிறது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேன்டீனில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை, அவர்களை யாரும் கூப்பிடவே இல்லை. லாக் புக் வியாபாரியும் இந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வருகிறார். ஆகவே உங்கள் மகள் கூப்பிடும்வரை காத்திருக்கக் கூடாது. காலையில் சீக்கிரம் போய், "இன்றைக்கு எந்த நோயாளியைப் பார்க்கட்டும், சார்?" என்று தானே கேட்கவேண்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு நோயாளியை முழுசாகப் பார்த்து, அன்று மதியமே எழுதி, கையெழுத்து வாங்கிவிட்டால் போதும். பயிற்சிக் கட்டணம் என்று ஏதாவது இருந்தால் அது கல்லூரி வழியாக, ரசீதோடு போகவேண்டும். மருத்துவமனை வளாகத்தில் தனியாளிடம் பத்து ரூபாய்கூடத் தரவேண்டாம்.

அடுத்து இன்னொரு கூட்டம் வரும், தயாராக இருங்கள். "பாப்பா, ஒரு பக்கவாத கேஸ், வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் எக்சர்சைஸ் கொடு, முந்நூறு ரூபாய்" என்று போனில் கூப்பிடுவார்கள். நோயாளி வீட்டில் எண்ணூறு வாங்கியிருப்பார்கள். அங்கே கேஸ் ஷீட் கிடையாது, மேற்பார்வை கிடையாது, மயங்கி விழுந்தால் கூப்பிடக்கூட ஆள் இல்லை. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நான்கு வருடப் படிப்பு, அப்புறம் ஆறு மாத இன்டர்ன்ஷிப் என்பதுதான் இவ்வளவு காலமும் இருந்த ஏற்பாடு. 2021-இல் வந்த மத்திய சட்டம் இந்தத் தொழிலுக்குப் பதிவு முறையையே கொண்டுவந்திருக்கிறது. மூன்றாம் ஆண்டுப் பெண் தனியாகச் சிகிச்சை செய்தால் அவளைக் காப்பாற்ற எந்தத் தாளும் இல்லை. பாவம் பார்த்துப் போகிறேன் என்றாலும் வேண்டாம். வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் இலவசமாக வருகிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தக் குடும்பத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேட்கும்படி அவள் வழி சொல்லலாம், அதுவே பெரிய உதவி.

கையில் என்ன கொண்டுபோவது என்று கேட்பாள். வெள்ளைக் கோட்டு, இஞ்ச் டேப், கோனியாமீட்டர், முழங்காலைத் தட்டிப் பார்க்கிற சுத்தியல், ஒரு நீளத் துண்டு, சட்டைப்பையில் அடங்குகிற நோட்டு. வளையல், மோதிரம் வேண்டாம், நகத்தை ஒட்ட வெட்டட்டும். ஒவ்வொரு நோயாளிக்கு முன்னும் பின்னும் கை கழுவட்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து நோயாளிகள் வந்தால் தெலுங்கு, கன்னடம் காதில் விழும். உட்காருங்கள், மூச்சை இழுங்கள், எங்கே வலி என்கிற அளவுக்கு இரண்டிலும் கற்றுக்கொண்டால் வேலை சுலபம்.

கடைசியாக, ரத்தம் வழியாகத் தொற்றுகிற கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி. மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. கல்லூரியில் போட்டிருக்கிறார்களா என்று மகளிடம் கேளுங்கள். போட்டிருந்தால் அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். போடவில்லை என்றால் வார்டுக்குள் போவதற்கு முன் முதல் ஊசியாவது போட்டாகவேண்டும். அந்த ஆறாயிரத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.